உனக்குப் பதவி உயர்வு, உன் அப்பாவுக்குத் தண்டனை

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நீ வேளாவேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே என் முழங்கால் வலி தேவலாம். உன் அப்பாவுக்கு உடம்பில் ஒரு குறையும் இல்லை, மற்றதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

ராத்திரிச் செய்தியிலிருந்து உன்னைப் பகல் பன்னிரண்டு மணிச் செய்திக்கு உயர்த்திவிட்டார்கள் என்று நீ போனில் சொன்னதும், இனி நேரத்துக்குத் தூங்குவாய் என்று எனக்கு ஒரே சந்தோஷம். உன் அப்பாவிடம் சொன்னால் மனிதர் முகம் தொங்கிப்போய்விட்டது. "பகல்லயா?" என்று மட்டும் கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டார். உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன், நான் சொன்னதாகக் காட்டிக்கொள்ளாதே. நம் மூக்குக்கண்ணாடிக் கடையை விட்டுவிட்டு நீ ரேடியோ வேலைக்குக் கிளம்பியபோது, "காத்தோட பேசுற வேலைக்கெல்லாம் என் பொண்ணு போகக் கூடாது" என்று குதித்தாரே, இரண்டு வருஷமாக உன்னோடு ஒரு வார்த்தை பேசவில்லையே, அதே ஆள்தான் உன் ராத்திரிச் செய்தியை ஒரு நாளும் தவறவிட்டதில்லை. ஏன் என்று கேட்டால், வானிலை கேட்கவாம். எந்த ஊர் வானிலை? உன் ஊர் வானிலை! நீ மழை என்று சொன்னாய் என்பதற்காக இங்கே கொளுத்துகிற வெயிலில் குடையோடு கடைக்குப் போனவர் அவர். உனக்குச் சளி பிடித்தால் எனக்கு முன்னால் அவருக்குத் தெரிந்துவிடும், "ஆவி பிடிக்கச் சொல்லு" என்று சுவரைப் பார்த்துச் சொல்வார். நான் போனில் உனக்குச் சொன்ன வைத்தியமெல்லாம் அப்படி வந்ததுதான்.

உன் ஏ.எம். ஸ்டேஷன் பொழுது சாய்ந்த பிறகுதான் இவ்வளவு தூரம் எட்டுகிறது, விடிந்தால் வெறும் கரகரப்பு. ரேடியோ ரிப்பேர்காரர், "பகல்ல வராது சார், வெயில் குடிச்சிடும்" என்று படித்துப் படித்துச் சொன்னார். கேட்டால்தானே. பதினொன்றரைக்கே கடையை அடைத்துவிட்டு வந்துவிடுகிறார். என் மிக்ஸி ரேடியோவில் இரைகிறது என்று முதலில் அதை நிறுத்தினார், பிறகு ஃபிரிட்ஜ், இப்போது மெயின் சுவிட்சையே அணைத்துவிடுகிறார், நான் அடுப்படியில் வெந்துபோகிறேன். மாடிக் கொடியில் துணிக்குப் பதில் செம்புக் கம்பி தொங்குகிறது. திருப்பித் திருப்பி வைத்தால் சத்தம் கூடுமாம், அதனால் உச்சி வெயிலில் பனியனோடு பேட்டரி ரேடியோவைக் கட்டிக்கொண்டு வட்டம் போடுகிறார். எதிர்வீட்டுப் பல் டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "சாருக்கு வீட்ல ஏதாவது மனக்கஷ்டமா?" என்று விசாரித்தார். கீழ்வீட்டுத் தையல்காரம்மா பத்து நிமிஷம் மெஷின் மோட்டாரை நிறுத்துவதற்காக, அந்த அம்மாவுக்கு உன் அப்பா இனாமாகப் புதுக் கண்ணாடி செய்து கொடுத்திருக்கிறார். கட்டிய மனைவி ஆறு வருஷமாக ஒரே கண்ணாடி போட்டுக்கொண்டிருக்கிறேன்.

சிரிக்கிறாய்தானே, நானும் நேற்றுவரை சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். நேற்று ஒரு மணியாகியும் இறங்கி வரவில்லையே என்று போய்ப் பார்த்தால், அந்தக் கரகரப்பைக் காதில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். "அவ குரலைக் கேட்டுப் பதினேழு நாள் ஆச்சு" என்றார். போன் எதற்கு இருக்கிறது, கூப்பிட வேண்டியதுதானே என்று கேட்டேன். "என்னன்னு ஆரம்பிப்பேன்?" என்கிறார். அதனால் நீயே முதலில் கூப்பிடு, கண்ணு. கண் வலிக்கிறது என்று ஏதாவது சாக்குச் சொல், மனிதர் ஒரு மணி நேரம் பேசுவார். நீ இறங்கி வந்தால் குறைந்துபோக மாட்டாய். தண்ணீரைக் காய்ச்சிக் குடி, தலையை ஈரத்தோடு கட்டாதே. நீ நூறு வயசு நன்றாக இருக்க வேண்டும்.

உன் அன்பு அம்மா.

இரு, மாடியிலிருந்து இறங்கி வந்தவர் என் தோளுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் படித்துவிட்டார். பேனாவைக் கொடு என்கிறார். இனி அவர் எழுத்து.

மகளுக்கு, அம்மா எழுதியதில் பாதி மிகை. நான் சட்டை போட்டிருந்தேன். நீ கூப்பிட வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை காலையில் நானே கூப்பிடுகிறேன். நீ எடுத்த பிறகு என் பக்கம் சத்தம் ஒன்றும் வராவிட்டால் வைத்துவிடாதே. நான் இருப்பேன்.

அப்பா.