வந்து சாப்பிட்டவன்

ஜூலை 16, 2000
மிளகாய்ச் செடிகளுக்குக் குச்சி நட்டேன். முதுகு ஒடிகிறது. மதியம் தூறல்.

ஜூலை 17
சியோலிலிருந்து மகன் கீசோக் போன் பண்ணினான். "அம்மா, மொதல்ல உக்காரு." "உக்காந்துதான் இருக்கேன், சொல்லுடா."

வட கொரியாவிலிருந்து இங்கே தெற்கில் உறவினரைத் தேடுகிறவர்களின் பெயர்கள் பேப்பரில் வந்திருக்கின்றனவாம். அவன் அப்பா பெயரும் இருக்கிறதாம். உயிரோடு இருக்கிறாராம்.

மறுபடி கொல்லைக்கே போனேன். நட்ட குச்சிகளைப் பிடுங்கி நட்டுக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது.

ஜூலை 19
பக்கத்து வீட்டு போங்னம் வந்தாள். "செத்தவனுக்கு வருஷா வருஷம் சோறு போட்டே! உசிரோட இருந்தவன் அங்க பட்டினி கெடந்திருப்பான்டி!" என்று சிரித்தாள். நானும் சிரித்து வைத்தேன்.

ஐம்பதாம் வருஷச் சண்டையில் வடக்குப் படை அவரை இழுத்துக்கொண்டு போனது. கீசோக் வயிற்றில். பத்து வருஷம் பார்த்துவிட்டு மாமியார்தான் சொன்னாள்: "எம் புள்ள பசியோட அலையக் கூடாது. படைச்சிடுவோம்." செத்த நாள் தெரியாதவர்களுக்குச் சந்திரக் கணக்கில் ஒன்பதாம் மாதம் ஒன்பதாம் நாள். அன்றிலிருந்து ஒரு வருஷம் தவறவில்லை.

வாசலைத் திறந்து வைப்போம். சோற்றில் கரண்டியைச் செங்குத்தாக நட்டுவிட்டு, அவர் சாப்பிடட்டும் என்று அறைக் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே நிற்போம். ஒவ்வொரு வருஷமும் யாரோ வந்தார்கள். கணுக்காலில் குளிர் ஏறும். காகிதக் கதவு வழியே தெரியும் மெழுகுவர்த்தி ஒரு பக்கமாகச் சாயும். எனக்கு மனசு நிறைந்துவிடும். அடுத்த வருஷம்வரை அது போதும்.

அவர் உயிரோடு இருக்கிறார் என்றால் — வந்தது யார்?

ஜூலை 20
தூக்கம் இல்லை.

ஆகஸ்ட் 16, சியோல்
இரண்டு பக்கத்து அரசும் ஏற்பாடு செய்த சந்திப்பில் நேற்று அவரைப் பார்த்தேன். கிழவர். காது மட்டும் அதே காது.

"மால்சுன், நீ வேற கல்யாணம் பண்ணிட்டிருப்பேன்னு நெனச்சேன்" என்றார். அங்கே அவருக்கு மனைவி, நான்கு பிள்ளைகள்.

"உங்களுக்குப் படையல் வெச்சேன்" என்றேன்.

வெடித்துச் சிரித்தார். "அதான் எனக்கு ஆயுசு கெட்டி!" பிறகு அழுதார். அப்புறம் மெதுவாக, "என்ன வெச்சே?"

"உப்பு மீனு. மலைக்கீரை. பேரிக்காய்."

"நல்லா இருந்திருக்கும்."

எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. கையைப் பிடித்துக்கொண்டார். சூடாக இருந்தது. நான் பழகியது குளிருக்கு.

ஆகஸ்ட் 18
அவரை ஏற்றிக்கொண்டு பஸ் போய்விட்டது. ஒரு தரம்தான் விடுவார்களாம்; இனி பார்க்கப் போவதில்லை.

செப்டம்பர் 12
அறுவடைத் திருநாள். "இனிமே படையல் வேணாம்மா. உசிரோட இருக்கறவருக்கு வெச்சா ஆகாது" என்றான் கீசோக். நியாயம்தான். சரி என்றேன்.

சாயங்காலம் கஷ்கொட்டை பொறுக்கப் போனேன். அந்த மரத்தடிக்கு வந்ததும் கூடையை இறக்கி வைத்துவிட்டேன்.

ஐம்பத்தொன்று, வருஷ ஆரம்பத்துக் குளிர்காலம். எங்களை ஆண்ட ஜப்பான்காரன் போய் ஆறு வருஷம்கூட ஆகவில்லை. அதற்குள் வடக்கும் தெற்கும் எங்கள் ஊரை மாற்றி மாற்றி நான்கு தரம் பிடித்திருந்தார்கள். ஒரு காலையில் மாட்டுக்கொட்டகையில் ஒரு பையன் செத்துக் கிடந்தான். தொப்பி ஒரு படையுடையது, கோட்டு இன்னொன்றுடையது. மீசைகூட முளைக்கவில்லை. மாமியாரும் நானும் இங்கேதான் புதைத்தோம். எந்தப் பக்கத்தான் என்று யாராவது கேட்டால் எங்கள் தலை போயிருக்கும், வாயே திறக்கவில்லை.

அவன் வீட்டிலும் வாசலைத் திறந்து வைத்திருப்பார்கள். அவ்வளவு தூரம் எப்படிப் போவான்? பக்கத்தில் திறந்திருந்தது எங்கள் வாசல்தான்.

அக்டோபர் 6
ஒன்பதாம் நாள். காலையிலிருந்து சமைத்தேன். கீசோக்கையும் வரச் சொல்லியிருந்தேன். அடுக்களை வாசலிலேயே நின்றுவிட்டான். "யாருக்கும்மா இது?"

மரத்தடிப் பையனைப் பற்றி முதல்முறையாகச் சொன்னேன். படையலில் செத்தவர் பெயர் எழுதி ஒட்டும் வெள்ளைத் தாளை எடுத்தான். "என்ன பேர் எழுதறது?"

"எழுதாதே. வெறுமனே ஒட்டு."

ஒட்டினான்.

வாசலைத் திறந்தேன். கரண்டியை நட்டேன். மீனில் முள் எடுத்து வைத்தேன். அவருக்கு ஒருநாளும் எடுத்து வைத்ததில்லை. கதவைச் சாத்திக்கொண்டு இருவரும் வெளியே நின்றோம். கணுக்காலில் குளிர் ஏறியது.

"மெதுவா சாப்பிடுடா" என்றேன்.