எந்த வத்தி?

ஏட்டையா,

நேற்று சாயங்காலம் மருமகள் அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தாள். "மாமா, வத்தி வெச்சாச்சா?" கேட்டது கொசுவத்தியைத்தான். ஆனால் அந்தப் பச்சைச் சுருளின் புகை மூக்கில் ஏறினாலே நான் உங்கள் ஸ்டேஷன் பெஞ்சில் போய் உட்கார்ந்துவிடுகிறேன். நீங்கள் போய்ச் சேர்ந்த சேதி போன மாசம்தான் காதுக்கு வந்தது. கடைசி வரைக்கும் சிரிக்காமலேயே போய்விட்டாரா என்று கேட்டேன். சேதி சொன்னவன் என்னை முறைத்தான்.

தொண்ணூறுகளில் நான் ரங்கநாதன் தெருவில் அண்ணாச்சியின் ஜவுளிக்கடை வாசலில் சீப்பு, ஹேர்பின், ஊக்கு விற்றுக்கொண்டிருந்தேன். கடைக்குப் பின்னால் குடோன். அதன் சாவி அவர் மச்சினனிடம். அவன் பின்வாசல் வழியாகப் புடவைக் கட்டுகளை வேறு கடைக்குத் தள்ளிவிடுவதை அடிக்கடி பார்த்திருந்தேன். என் வாய்தான் சும்மா இருக்காதே. ஒரு நாள் பொழுது சாயும் நேரத்தில் அதை அண்ணாச்சி காதில் போட்டு, நாளைக்கே சரக்கை எண்ணுகிறேன் என்று அவர் சொன்னதையும் கேட்டுவிட்டு, நேராக டீக்கடைக்கு வந்து பீற்றிக்கொண்டேன்.

"அண்ணாச்சி கடையில வத்தி வெச்சிட்டு வந்துகீறேன். நாளைக்குப் பாருங்க வேடிக்கைய."

மறுநாள் விடியும்போது குடோன் எரிந்துகொண்டிருந்தது.

தீயணைப்பு வண்டி போன பிறகு, கரியும் ஈரத் துணியுமாகக் கிடந்த அந்த அறையில் நீங்கள் குச்சியால் கிளறி எடுத்தது, கொசுவத்தியைச் செருகி நிறுத்துகிற ஒரு தகரத் துண்டு. ஆளே படுக்காத குடோனில் கொசுவத்திக்கு என்ன வேலை? சுருள் மெதுவாகக் கரைந்துபோய்ப் பக்கத்துத் துணியைப் பிடித்திருக்கிறது. வைத்தவன் அதற்குள் எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் போயிருக்கலாம் என்றீர்கள். மத்தியானத்துக்குள் டீக்கடையில் யாரோ என் பேச்சை அட்சரம் பிசகாமல் உங்களிடம் ஒப்பித்துவிட்டார்கள்.

ஸ்டேஷனில் நீங்கள் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி. "எந்த வத்தி?"

"கொளுத்துற வத்தி இல்ல ஏட்டையா, இது வாய்வத்தி" என்றேன். பக்கத்திலிருந்த கான்ஸ்டபிள் சிரித்தார். நீங்கள் திரும்பிப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். வேண்டுமென்றே தீ வைத்தால் என்ன செக்ஷன் என்று சொன்னீர்கள். இங்கிலீஷில் அதற்குப் பேர் மிஸ்சீஃப், குறும்பு என்று அர்த்தம் என்றீர்கள். குறும்புக்கு எவ்வளவு போடுவார்கள் என்று கேட்டேன். "பத்து வருஷம் போடலாம். ஆயுசுக்கும் போடலாம்."

அப்போதும் நான் பயப்படவில்லை. பின்வாசல் சரக்கு, அண்ணாச்சி எண்ணுவதாகச் சொன்னது எல்லாவற்றையும் உங்களிடம் கொட்டினேன். அண்ணாச்சி வந்து ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்தது என்று நினைத்தேன். வந்தார். கூடவே மச்சினன். அவன் முந்தின நாள் ராத்திரியே மயிலாப்பூர்க் கல்யாணத்துக்குப் போய்விட்டவன்; நெற்றியில் சந்தனம்கூடக் காயவில்லை. இந்த ஆள் நேற்று உங்களிடம் ஏதாவது சொன்னானா என்று அண்ணாச்சியைக் கேட்டீர்கள். அவர் மச்சினனைப் பார்த்தார். பெண்டாட்டியின் கூடப்பிறந்தவன். பிறகு தரையைப் பார்த்தார்.

"இவன் எங்கிட்ட ஒண்ணும் சொல்லலைய்யா."

என் வீட்டுக்காரி டிபன் கேரியரோடு ஸ்டேஷன் வாசலில் நின்றுகொண்டிருந்தாள். அவள் முகத்தைப் பார்க்கத் தெம்பில்லாமல் தலையைக் குனிந்துகொண்டேன்.

நீங்கள் மச்சினனை மட்டும் உள்ளறைக்குக் கூட்டிப்போனீர்கள். கதவைச் சாத்தவில்லை. உங்கள் குரல் சாவகாசமாக வெளியே வந்தது.

"அண்ணாச்சி எல்லாத்தையும் சொல்லிட்டாருப்பா. பின்வாசல்ல சரக்கு போனது, இன்னிக்கு எண்ணப் போறதா இருந்தது, எல்லாம்."

நான் அண்ணாச்சியைப் பார்த்தேன். மனுஷன் என்னைவிட அதிகமாக முழித்துக்கொண்டிருந்தார். அவன் வாயைத் திறக்காவிட்டால் என் கதை அதோடு முடிந்தது.

"அத்தானே சொல்லிட்டாரா?" மச்சினன் குரல் உடைந்தது. "சரக்க எண்ணியே தீருவேன்னு அவரு ஒத்தக்கால்ல நிக்கலைன்னா, நான் ஏன் வத்தி வைக்கப் போறேன்?"

அண்ணாச்சி துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

வாயால் சொன்னது கோர்ட்டில் நிற்காது என்று, சரக்கு போன கடை, அவன் கொசுவத்தி வாங்கிய கடை என்று அதற்கப்புறம் நீங்கள் ஒவ்வொரு படியாக ஏறி இறங்கினீர்கள். அதெல்லாம் பிற்பாடு. அன்றைக்கு என்னை வெளியே விடும்போது, பழைய கொழுப்பு திரும்பிவிட்ட தைரியத்தில் கேட்டேன்: "ஏட்டையா, போலீஸ்காரங்களும் வத்தி வெப்பீங்களா?"

நீங்கள் தொப்பியைச் சரிசெய்துகொண்டீர்கள். "நீ வெச்ச வத்திதான்யா குடோன எரிச்சிது. அதுக்கு செக்ஷன் இல்ல. போ."

அப்போது உங்கள் மீசை லேசாக ஆடியது. அது சிரிப்புதான் என்று நான் இன்றைக்கும் சாதிக்கிறேன், ஒருத்தரும் நம்பவில்லை. அதன் பிறகு நீங்கள் தெருவில் ரோந்து வரும்போதெல்லாம், வழுக்கைக்குச் சீப்பு வேண்டுமா என்று கேட்பேன். லத்தி நுனியால் என் கடைத்தட்டை இரண்டு தட்டுத் தட்டிவிட்டு நடப்பீர்கள். அந்தத் தட்டலில் ஊக்கெல்லாம் குதிக்கும்.

என் வாய் இன்னும் அடங்கவில்லை, ஏட்டையா. பக்கத்து வீட்டு மாமியாரையும் மருமகளையும் போன வாரம்கூட மோதவிட்டுப் பார்த்தேன். ஆனால் அந்த ஒரு சொல்லை மட்டும் நான் பாதியாகச் சொல்வதே கிடையாது. நேற்றும் எழுந்து அடுப்படி வரைக்கும் போய் மருமகளிடம் முழுசாகச் சொல்லிவிட்டுத்தான் வந்தேன்.

"கொசுவத்தி வெச்சாச்சும்மா. கட்டிலுக்கு அந்தாண்ட. பக்கத்துல துணி எதுவும் இல்ல."