போதகர் மகனின் நீலக்கூரை வீடு

மார்ச் 3, செவ்வாய்

இன்றும் வீடு அமையவில்லை. ஜூலையில் என் புருஷன் தவீத்தாவுக்குக் கல்லறைக் கல் வைக்க வேண்டும். பிரிஸ்பேனிலிருந்து குடும்பமே எங்கள் சொந்த ஊருக்கு, சவாயி தீவுக்குப் போய் இறங்குகிறது. எங்கே படுப்பது?

"அத்தை வீட்லயே தங்கிடலாம்மா. கடலோரம் குடில் கட்டி வாடகைக்கு விடுறாங்கல்ல" என்கிறான் மகன் பெத்தேலோ.

அத்தையாம்! என் நாத்தனார் ஃபுவாதினோ. என் புருஷன் சாவுக்குப் பன்றி அறுத்துப் பங்கு வைத்தபோது, செத்தவர் பெண்டாட்டிக்கு, எனக்கு, கழுத்துத் துண்டைக் கொடுத்தவள். மூன்று வருஷம் ஆயிற்று. அதில் எத்தனை எலும்பு இருந்தது என்று இப்போது கேட்டாலும் சொல்வேன். அவள் கூரைக்குக் கீழே நானா? முடியாது.

மார்ச் 7

கிடைத்துவிட்டது! அதே ஊரில், நீலக்கூரை போட்ட பெரிய வீடு. ஃபுவாதினோவின் குடில்களைவிட மலிவு. வீட்டுக்காரன் இயோவானே, அந்த ஊர்ப் போதகர் மகனாம். செய்திக்குச் செய்தி ஒரு வேத வசனம். வயிறு குளிர்ந்துபோயிற்று எனக்கு.

மார்ச் 8, ஞாயிறு

கோயிலிலிருந்து வந்து சேப்பங்கிழங்கில் கை வைக்கவில்லை, அதற்குள் சண்டை. பேத்தி லாங்கிதான் ஆரம்பித்தாள்.

"அப்பா, வீடு பாத்த ஆப்புல கட்ட வேணாம், நேரா என் கணக்குல போடுன்னு அந்த வீட்டுக்காரன் சொல்றான். நாளைக்கு ஒண்ணுன்னா யாரைப் போய்க் கேப்பீங்க? வீடியோ கால்ல வீட்டைக் காட்டச் சொல்லுங்க. அவன் காட்டின படத்தைத் தேடிப் பாத்தேன், வேற ஏதோ தீவுல ஓட்டல்னு வருது."

"போதகர் மகன்கிட்ட ஆதாரம் கேக்கறதா? ஊரே காறித் துப்பும்!" என்றான் பெத்தேலோ.

"சரியாச் சொன்னடா" என்றேன் நான். "படிச்ச கழுதைக்கு எல்லாத்துலயும் சந்தேகம்."

முன்பணம் ஏற்கெனவே அனுப்பியாயிற்று. மீதியை வெள்ளிக்குள் கட்ட வேண்டும். பிள்ளைகள் எல்லாரும் கல்லுக்கென்று போட்ட பணத்திலிருந்துதான் பெத்தேலோ கட்டப்போகிறான். கல்லுக்கு மறுபடி சேர்த்துக்கொள்ளலாமாம்.

மார்ச் 11

இயோவானே காலையிலிருந்து நச்சரிக்கிறான். "சகோதரரே, இன்னொரு குடும்பம் கேட்கிறது. ஜெபம் பண்ணிச் சீக்கிரம் முடிவெடுங்கள்." ஜெபத்துக்கே நேரம் தர மாட்டேன் என்கிறானே, இவன் என்ன போதகர் மகன்?

மார்ச் 13, வெள்ளி

ஃபுவாதினோவுக்கு நானே போன் போட்டேன். எதற்கு? அவள் வயிறு எரியட்டும் என்றுதான்.

"யாரு, சிலிவா அண்ணியா? எவன் செத்தான்?"

என்ன வாய்!

"ஒருத்தரும் சாகல. ஜூலைல வர்றோம். உன் குடில் ஒண்ணும் வேணாம். போதகர் மகன் வீட்ல தங்கறோம். நீலக்கூரை வீடு."

சிரிக்கிறாள், இருமல் வருகிறவரை சிரிக்கிறாள்.

"அண்ணி, நம்ம போதகருக்கு ஒரே மகன். இன்னும் தவழுது. அதுவா வாடகைக்கு விடுது?"

"பழைய போதகர் மகனா இருக்கும்."

"போதகர் வீடு ஊர் வீடு. இவரு போனா அடுத்தவரு வருவாரு. எவன் மகனுக்கு அதுல பாத்தியதை? உனக்குத் தெரியாதா இது? நீலக்கூரைல இங்க ஒரு கோழிக்கூண்டுகூட கெடையாது!"

தெரியும். எங்கள் தீவில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கு எப்படித் தோன்றாமல் போனது? போதகர் என்ற சொல்லைக் கேட்டதும் எழுந்து நின்றே பழகிய ஜாதி — எழுந்து நின்றுவிட்டேன், வேறென்ன!

பெத்தேலோ மீதிப் பணத்தை அனுப்ப உட்கார்ந்திருந்தான். போனைப் பிடுங்கி என் பாவாடைக்குள் செருகிக்கொண்டேன்.

மார்ச் 14

லாங்கி வங்கியில் சொல்லி, செய்திகளைப் பத்திரப்படுத்தி, மோசடிப் புகாரும் கொடுத்தாள். முன்பணம் திரும்புவது சந்தேகமாம். கல்லுக்கான மீதி தப்பியது. அந்தத் திருடன் எழுதுகிறான்: "சகோதரரே, ஏன் மௌனம்?" நான் சொன்ன பதிலை எழுத மாட்டேன் என்கிறாள் பேத்தி.

மார்ச் 15

ஃபுவாதினோவுக்கு நன்றி சொல்ல வேண்டுமாம். சொல்லவில்லை.

ஏப்ரல் 2

அவளிடமே குடில்கள் சொல்லியாயிற்று. "அண்ணன் பிள்ளைங்ககிட்ட வாடகையா? செருப்பால அடி!" என்றாளாம். அதிக வாடகை கேட்டிருந்தாலாவது நான் நிம்மதியாகத் திட்டியிருப்பேன்.

ஜூலை 9, சவாயி

கல் வைத்தாயிற்று. நேராக நிற்கிறது.

சாயங்கால ஜெபத்துக்கு உட்காரும் நேரம். பாதையில் ஒரு குடும்பம், பெட்டி படுக்கையோடு. தோளில் தூங்கும் பிள்ளை. ஆக்லாந்திலிருந்து வருகிறார்களாம். பிள்ளையின் தாய் போனை நீட்டினாள்.

"போதகர் மகன் வீடு எந்தப் பக்கம்? நீலக்கூரை."

ஃபுவாதினோ என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். இரண்டு பேருக்கும் சிரிப்பு வரவில்லை.

குடில் எல்லாம் நிறைந்திருந்தது. என் குடிலைக் காலி பண்ணி, பாயைச் சுருட்டி ஃபுவாதினோவின் அறையில் போட்டுவிட்டு வந்தேன். அந்தப் பெண் இன்னும் பாதையிலேயே நின்று போனைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"அதை உள்ள வை" என்றேன். "வாம்மா, முதல்ல பிள்ளையப் படுக்க வை. இது என் நாத்தனார் வீடுதான்."