வந்ததாகச் சொன்ன நாட்கள்

ஐப்பசி, வியாழக்கிழமை.

என் தாடையில் முளைக்கும் முடியையும் பருக்களையும் காட்ட, அம்மா இன்று டாக்டரம்மாவிடம் அழைத்துப்போனாள்.

"பீரியட்ஸ் கடைசியா எப்பம்மா வந்துது?" என்று அவர் என்னைத்தான் கேட்டார். அம்மா முந்திக்கொண்டாள்.

"போன பௌர்ணமிக்குங்க. மாசாமாசம் கரெக்டா வந்துடும். வியாபாரம் ஜாஸ்தியா இருக்கிற அன்னைக்குன்னு பார்த்து மகாராணி ஒதுங்கி உக்காந்துடுவா!"

டாக்டரம்மா சிரித்தார். ஒழுங்காக வந்தால் பயமில்லை என்று சொல்லி, முகத்துக்குக் களிம்பு மட்டும் எழுதிக்கொடுத்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

எனக்கு ஐந்து மாதமாக வரவே இல்லை.

முதல் மாதம் தள்ளிப்போனபோது அம்மா என் வயிற்றைப் பார்த்தாள். "யார்னா உங்கிட்ட பேசறானாடி?" என்றாள். அந்தக் குரலுக்குப் பயந்துதான், மறுநாள் பௌர்ணமியன்றே வந்துவிட்டதாகச் சொன்னேன். பிறகு பௌர்ணமிக்குப் பௌர்ணமி அதே பொய். அந்த மூன்று நாட்கள் நான் கற்பூரத்தையும் பூவையும் தொடக் கூடாது. கிரிவலப் பாதையில் எங்கள் கடையில் விற்பதே அவைதான். அவ்வளவு கூட்டத்தையும் அம்மா ஒருத்தியாகச் சமாளித்தாள். நான் வீட்டில் படுத்துக்கொண்டு, கறை படாத நாப்கின்களைக் காகிதத்தில் சுற்றி எறிந்தேன்.

பஸ்ஸில் வரும்போது அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஒன்னும் இல்லன்னுட்டாங்க பார்த்தியா. எனக்கு இப்பதான் உயிரே வந்துது" என்றாள்.

நாளை சொல்லிவிட வேண்டும். இத்தனை மாதம் பொய் சொன்னேன் என்றால் உடனே நம்புவாள். நான் எந்தத் தப்பும் செய்யவில்லை என்பதை எப்படி நம்புவாள்?