தொட்டுப் பார்க்க மட்டும்

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். உன் முழங்கால் வலி குறைந்ததா? சாப்பிடாமல் வேலைக்குப் போகாதே.

கைவினைச் சந்தை முடிந்தது. நல்ல கூட்டம். மூன்று மாதமாக நான் தைத்த பன்னிரண்டு பைகளையும் பெரியம்மா மகள் அக்கா, எல்லார் கண்ணிலும் படும்படி வரிசையாக மாட்டினாள். என்னையும் ஊசி நூலோடு முன்னால் உட்கார வைத்தாள். ஆனால் யார் கேட்டாலும் மேசைக்கு அடியிலிருந்த பெட்டியிலிருந்து மெஷினில் தைத்த பையைத்தான் எடுத்துக் கொடுத்தாள்.

"அக்கா, என்னோடது?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"அது தொட்டுப் பாக்கத்தான்டி. வித்துட்டா அடுத்த சந்தைக்கு எதைக் காட்டறது?"

வாங்க வந்த ஒருவர் என்னிடம், "எல்லாம் நீ தச்சதாம்மா?" என்றார்.

"பின்னே? எல்லாம் இவ கைதாங்க" என்று அக்கா முந்திக்கொண்டாள்.

நான் தலை குனிந்தேன். "பாவம், கூச்சப்படுது" என்று சிரித்தபடி அவர் பெட்டியிலிருந்த மெஷின் பையில் இரண்டு வாங்கிப் போனார்.

கூடப் பிறந்தவள் மாதிரி பார்த்துக்கொள்வாள் என்றாயே, அம்மா. ஒரே அறையில்தான் படுக்கிறோம். பேச்சு இல்லை. உன் பழைய போர்வையை அனுப்பு, துவைக்காமல் அனுப்பு.

என் பை நன்றாக விற்கிறது என்று தெருவெல்லாம் சொல்லியிருப்பாய். இனிச் சொல்லாதே. அக்கா கூப்பிடுகிறாள். ஒன்றுகூட விற்கவில்லை, அம்மா.

உன் மகள்