ஒன்பது நாள் லீவு

பிப்ரவரி 3

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் அத்தானும் நலமா? நான் நலம், முதுகு மட்டும் நலமில்லை. மகனைக் கல்லூரிக்கு அனுப்பிவிட்டு நானும் பையைத் தூக்கிக்கொண்டு வகுப்புக்குப் போகிறேன். இதையெல்லாம் போனில் சொல்லலாம். உன் வீட்டுப் போனில் பேசினால் அத்தானும் சேர்ந்து கேட்பார், நடுவில் யோசனை வேறு சொல்வார். அதனால்தான் பழையபடி கடிதம்.

நான் சேர்ந்திருக்கும் கம்பெனியே நடத்தும் பயிற்சி வகுப்பு இது, பதினொரு பேர். நாற்பதைத் தாண்டியவள் நான் ஒருத்திதான். சொல்லிக்கொடுப்பவருக்கு என்னைவிடப் பதினைந்து வயது குறைவு. வாய் தவறி 'அக்கா' என்று கூப்பிட்டுவிட்டு உடனே 'மேடம்' என்று திருத்திக்கொள்கிறார். நாங்கள் படிப்பது வெப் சர்வீஸ். பெரிய நிறுவனங்களில் ஒரு கம்ப்யூட்டர் இன்னொன்றிடம் கேள்வி கேட்டுப் பதில் வாங்கும் வழி, அவ்வளவுதான். இந்த ஊழியருக்கு எத்தனை நாள் லீவு மிச்சம் என்று கேட்டால் பதில் வர வேண்டும். கேட்கக்கூடாதவர் கேட்டால் வரக்கூடாது. முதல் பாதி எனக்குப் பிடிபட்டுவிட்டது. இரண்டாம் பாதிதான் தண்ணி காட்டுகிறது.

ஒரு வேடிக்கை கேள். எங்கள் கம்பெனிக்கு வந்திருக்கும் வேலை உங்கள் மருந்துத் தொழிற்சாலையுடையது. லீவு விவரங்களுக்கான சர்வீஸை எழுதும் பொறுப்பைப் பயிற்சிக்காக என் தலையில் கட்டியிருக்கிறார்கள். ஏப்ரல் முதல் தேதியிலிருந்து நீங்கள் எல்லோரும் அதில்தான் லீவு கேட்க வேண்டும். பாக்கிங் பிரிவு மேற்பார்வையாளர் அம்மா, அதாவது நீ, தயவுசெய்து குற்றம் கண்டுபிடிக்காமல் இருக்க வேண்டும்.

நீ எழுதி இரண்டு மாதம் ஆகிறது. கை வலி என்று சாக்குச் சொல்லாதே.

உன் அன்புத் தங்கை,
வாலு


பிப்ரவரி 12

அன்புள்ள வாலுக்கு,

நாற்பத்து மூன்று வயதில் இன்னும் வாலு என்று கையெழுத்துப் போடுகிறாயே, வெட்கமாக இல்லையா? அந்தப் பெயரை வைத்தவள் நான் என்பதால் விட்டுவிடுகிறேன்.

இங்கே எல்லாம் வழக்கம்போல். அத்தானுக்கு மூட்டு வலி, எனக்கு அவர் வலியைக் கேட்கும் வேலை. லீவு வேண்டுமென்றால் இப்போது மூன்று மேஜை ஏறி இறங்க வேண்டும். மூன்றாவது மேஜைக்காரர் எப்போதும் டீ குடிக்கப் போயிருப்பார். உன் கம்ப்யூட்டர் டீ குடிக்காது என்று நம்புகிறேன்.

பழைய வருஷத்து லீவையெல்லாம்கூட அதில் ஏற்றுவார்களா? சும்மாதான் கேட்கிறேன்.

நன்றாகப் படி. அம்மா இருந்திருந்தால் பார்க்கிறவர்களிடமெல்லாம் உன் பெருமையைச் சொல்லி அலுத்துப்போகச் செய்திருப்பாள். லீவு கிடைக்காமல் அவளுடைய கடைசி நாட்களில் நான் வர முடியாமல் போனது இன்னும் உறுத்துகிறது. அதைப் பற்றி வேண்டாம்.

அன்புடன்,
அக்கா


பிப்ரவரி 26

அன்புள்ள அக்காவுக்கு,

இந்தக் கடிதத்தைத் தனியாக இருக்கும்போது படி.

போன வியாழக்கிழமை நான் எழுதிய சர்வீஸை முதல் முறையாக ஓட்டிப் பார்த்தேன். இதற்கெல்லாம் கற்பனைப் பெயர்களையும் எண்களையும்தான் கொடுக்க வேண்டும். யாரோ சோம்பல்பட்டு உங்கள் தொழிற்சாலையின் உண்மையான விவரங்களையே நகலெடுத்து வைத்திருக்கிறார்கள். அது எனக்குத் தெரியாது. ஏதாவது ஓர் ஊழியர் எண் போட வேண்டும். எனக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஒரே எண் உன்னுடையதுதான், உன் மருத்துவப் படிவங்களை நிரப்பி நிரப்பிக் கைக்குப் பழகிய எண். அதைப் போட்டேன். உன் பெயரும் உன் லீவுகளும் திரையில் வந்து நின்றன.

நுழைந்தது என் பாஸ்வேர்டில். வந்தது உன் விவரம். நான் எழுதிய சர்வீஸ், நுழைபவர் யார் என்று சரியாகத்தான் கேட்டது. அவர் கேட்கும் விவரம் அவருடையதா என்று கேட்கவேயில்லை. அதைக் கேட்கும் வரிகளை எழுத மறந்துவிட்டேன். அந்த நிமிஷமே எழுந்து போய்ச் சொல்லியிருக்க வேண்டும். மூடிவிட்டுச் சாப்பிடப் போனேன். சாப்பிட்டு வந்து மறுபடி திறந்தேன். அம்மா போன மாதத்தைத் தேடி எடுத்தேன். முதல் தடவை செய்தது தவறு. இரண்டாம் தடவை செய்தது திருட்டு.

ஒன்பது நாள் லீவு. கேட்ட அன்றே அனுமதி. காரணம் என்ற இடத்தில் 'தாயாரின் உடல்நிலை'.

அக்கா, உன்மேல் கோபம் வந்தது உண்மை. ஆனால் கண்ணாடியில் என் முகத்தைப் பார்க்கத்தான் எனக்கு அதிகம் கூசுகிறது. கேட்க எனக்கு உரிமையில்லை, கேட்காமல் இருக்கவும் முடியவில்லை. நீ எங்கே இருந்தாய்?

இன்னொன்று. இந்த ஓட்டையை நான் சொல்லியே ஆக வேண்டும். இப்படியே விட்டால் ஏப்ரலிலிருந்து உங்கள் தொழிற்சாலையில் யார் வேண்டுமானாலும் யாருடைய லீவையும் நோயையும் பார்க்கலாம். சொன்னால் பதிவுகளைத் திறப்பார்கள். எந்த எண்ணை யார் எத்தனை மணிக்குக் கேட்டார்கள் என்று எல்லாம் அதில் இருக்கிறது. உன் எண் இரண்டு தடவை இருக்கிறது. உன்னைக் கேட்காமல் போய்ச் சொல்ல வாய் வரவில்லை.

உன் தங்கை


மார்ச் 9

அன்புள்ள அக்காவுக்கு,

பதிலில்லை. மூன்று தடவை போன் செய்தேன். மூன்று தடவையும் அத்தான் எடுத்து, நீ குளித்துக்கொண்டிருக்கிறாய் என்றார். அவருக்குப் பொய் சொல்ல வராது, பாவம்.

திட்டியாவது எழுது. பதினாறாம் தேதி மேலே சொல்லிவிடப் போகிறேன். அதற்குமேல் தள்ளிப்போட்டால் நான் மறைக்கிறேன் என்றுதான் அர்த்தம்.

உன் தங்கை


மார்ச் 13

வாலு,

முதலில் உன் வேலை. என் எண்ணை மறைக்காதே, நடந்ததை நடந்தபடி சொல். இங்கே யாராவது கேட்டால் நான் பேசிக்கொள்கிறேன். நீ திறந்து பார்த்தது எனக்குப் பொறுக்கவில்லை. ஆனாலும் நீயாக வந்து சொல்லிவிட்டாய். நான் மூன்று வருஷமாக வாயைத் திறக்கவில்லை.

ஒன்பது நாளும் யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு வீட்டிலிருந்து கிளம்பினேன். அத்தானுக்கும் தெரியாது. உங்கள் ஊருக்கு பஸ் ஏறி வந்து, ஆஸ்பத்திரிக்கு எதிரே நிறுத்தத்தில் உட்கார்ந்திருந்தேன். நீ பிளாஸ்க்கோடு போவதையும் வருவதையும் பார்த்திருக்கிறேன். நாலாம் நாள் உள்ளே வந்து, மாடிப்படியில் கால் வைத்துவிட்டுத் திரும்பிவிட்டேன்.

அம்மா என்னிடம் இரண்டு மாதம் இருந்தாளே, வீடு போதவில்லை என்று சொல்லி உன்னிடம் கொண்டுவந்து விட்டேனே. வீடு போதாமல் இல்லை. ஒரு நாள் குளிப்பாட்டும்போது அவள்மேல் கையை ஓங்கிவிட்டேன். ஓங்கினேன் என்று எழுதுகிறேன் பார். அடித்தேன். கன்னத்தில். வேலைக்கு நேரமாகியிருந்தது, வேறு காரணம் ஒன்றுமில்லை. அவள் ஈரத்தோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த வாரமே உன் வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டேன். பிறகு அவள் முன்னால் வந்து நிற்க எனக்கு முகமில்லை.

இதைப் படித்த பிறகு நீ என்னை அக்கா என்று கூப்பிட வேண்டும் என்று கட்டாயமில்லை.

அக்கா


மார்ச் 18

அன்புள்ள அக்காவுக்கு,

கூப்பிட்டுவிட்டேன், மேலே பார்.

திங்கட்கிழமை சொல்லிவிட்டேன். தனி அறையில், சொல்லிக்கொடுப்பவரும் அவருடைய மேலதிகாரியும் இருந்தார்கள். வரிகளை விட்டதற்கு யாரும் திட்டவில்லை, புதிதாகப் படிக்கிறவர்கள் எல்லோரும் விடுவதுதான் என்றார்கள். "ரெண்டாவது தடவை எதுக்குத் திறந்தீங்க மேடம்?" என்று கேட்டபோதுதான் எனக்குத் தலை நிமிரவில்லை. குடும்ப விஷயம், என் தப்பு என்றேன். இரண்டு மாதத்துக்கு உண்மையான விவரங்கள் எதையும் நான் தொடக்கூடாது. உங்கள் நிர்வாகத்துக்கும் எழுதிவிட்டார்கள். ஓட்டையை அடைக்க ஆறு வரிதான் ஆனது.

இனி என்னுடைய அசிங்கத்தைக் கேள். அம்மா உனக்கு ஒரு சேதி சொல்லியிருந்தாள். போவதற்கு இரண்டு நாள் முன்னால், என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "அக்காகிட்ட சொல்லிடு. அன்னிக்குக் கண்ணுல சோப்பு எரிஞ்சுது, அதான் அவ கையைக் கடிச்சிட்டேன். அவ மேல தப்பில்ல."

மாத்திரை மயக்கத்தில் உளறுகிறாள் என்று நினைத்தேன், அதனால்தான் சொல்லவில்லை என்று எழுதித் தப்பித்துக்கொள்ளலாம். அது பாதிதான் உண்மை. அர்த்தம் புரியவில்லையே தவிர, சேதி என்று தெரியும். லீவு கிடைக்காவிட்டால் வேலையை விட்டெறிந்துவிட்டு வர வேண்டியதுதானே, வராதவளுக்குச் சேதி என்ன வேண்டியிருக்கிறது என்று எனக்குள்ளேயே வைத்துக்கொண்டேன். கூட இருந்து பார்த்துக்கொண்ட மகள் நான் ஒருத்திதான் என்று எல்லோரும் சொல்வது எனக்கு இனித்தது. நீ போனில் அழும்போதெல்லாம் அதைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நீ அழுவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

உன் தங்கை


மார்ச் 24

வாலு,

முதலில் நான் நம்பவில்லை. எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று நீயாகக் கட்டி எழுதியிருக்கிறாய் என்று நினைத்துக் கடிதத்தை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன். மத்தியானம்தான் உறைத்தது. அம்மா கடித்ததை நான் உனக்கு எழுதவில்லை. அவள்மேல் பழி போடுவதுபோல ஆகிவிடும் என்று வேண்டுமென்றேதான் விட்டேன். அத்தானிடம்கூடச் சொன்னதில்லை. குளியலறையில் நாங்கள் இரண்டு பேர்தான் இருந்தோம்.

அட்டைப்பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். பிரிவு முழுக்க நின்று பார்த்தது, பார்க்கட்டும்.

மூன்று வருஷம் அதை நீ வைத்திருந்தாய். எனக்கு உன்மேல் கோபம் இருக்கிறது, நிறைய இருக்கிறது. கோபத்தை எழுத்தில் காட்ட எனக்கு வராது. ஞாயிற்றுக்கிழமை வந்து நேரில் வாங்கிக்கொள்.

அக்கா