நுரை வந்த வாரம்

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் முழங்கால் வலி தேவலையா? நான் சுகம்தான்.

இங்கே ஆற்றைக் காக்க ஊர்க்காரர்கள் ஒரு குழு வைத்திருக்கிறார்கள். நானும் சேர்ந்திருக்கிறேன். ஞாயிறுதோறும் பாலத்தடியில் தண்ணீரைப் பார்த்துவர வேண்டும். மாலையில் குழுவின் டீச்சரம்மா போன் பண்ணுவார்.

"தண்ணி எப்படிப்பா இருக்கு?"

"தெளிவா இருக்குங்க."

"சரிப்பா, வச்சிடறேன்."

என்னைத் தேடி வருகிற போன் அது ஒன்றுதான்.

போன மாதம் சாயப்பட்டறைக் கழிவு கலந்து ஒரே நுரை. சொன்னதும் குழுவே ஓடி வந்தது. பாட்டிலில் தண்ணீர் பிடிக்கப் போய் வழுக்கி விழுந்தேன். லேசான சுளுக்குதான், பயப்படாதே. கைத்தாங்கலாகத் தூக்கிவிட்டு டீ வாங்கித் தந்தார்கள். அந்த வாரம் முழுக்க ஆள் மாற்றி ஆள் போன் பண்ணினார்கள். மீனெல்லாம் செத்து மிதக்கிறது, நான் பாவி, உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தேன்.

குழு விடாமல் மல்லுக்கட்டி, பட்டறைக் குழாயை அடைக்க வைத்துவிட்டது. இப்போது தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கிறது. பேச்சும் பழையபடி அரை நிமிஷம்தான்.

சுளுக்குத் தைலம் ஒரு பாட்டில் அனுப்பு. கம்பெனி வண்டி ஹாரன் அடிக்கிறது, முடிக்கிறேன். நான் கூப்பிடும்போது, "எல்லாரும் நல்லா இருக்கோம்ப்பா" என்று உடனே வைத்துவிடாதே அம்மா. ஏதாவது குறை சொல்லு.

உன் மகன்